விக்கிப்பீடியாவில் முதல் வேலை காஜா எடுப்பதுதான்

ஒருவர் அனுப்பிய கேள்வி இது. பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக்காரர். பள்ளிப் படிப்பு தமிழ்வழி. மலையாளமும் எழுதப் படிக்கத் தெரியும். தமிழ் விக்கிப்பீடியாவில் தன் ஊரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிப் போட்டார். அன்று மாலையே நீக்கிவிட்டார்கள். "முறையாகக் கற்றுக்கொண்டு வர ஏதாவது வகுப்பு இருக்கிறதா? இல்லை, ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும்தானா இதெல்லாம்?" என்று கேட்கிறார்.

வகுப்பைத் தேடி அலையாதீர்கள். அவ்வப்போது பயிலரங்குகள் நடக்கும், பக்கத்தில் நடந்தால் போய்வாருங்கள். ஆனால் அங்கே ஒரு நாளில் சொல்லித்தர முடிவது கணக்குத் தொடங்குவதும், தொகுக்கும் பொத்தான் எங்கே என்பதும்தான். மிச்சமெல்லாம் வேலை செய்யச் செய்ய வருவது. நீங்கள் தடுக்கி விழுந்தது வேலையின் வரிசையில்.

தையல் கடையில் சேரும் பையனைப் பாருங்கள். முதல் நாள் அவன் கையில் கத்தரி கொடுப்பார்களா? காஜா (பட்டன் துளை) எடு, பட்டன் தை, ஓரம் மடி, தேய்த்து வை என்பார்கள். சட்டை தைப்பதில் கடைசியாக வரும் வேலைகள் அவனுக்கு முதலில் வருகின்றன. காரணம் எளிது. காஜா கோணினால் பிரித்து மறுபடி எடுக்கலாம். வெட்டு பிசகினால் துணியே போச்சு. அதோடு, முடிந்த சட்டையைக் கையில் வைத்துப் புரட்டிக்கொண்டே இருப்பதால் எந்தத் துண்டு எதோடு சேர்கிறது என்று யாரும் சொல்லாமலே தெரிந்துவிடுகிறது. ஜீன் லேவ் என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1970-களில் லைபீரியாவின் மன்ரோவியா நகரத்துத் தையல்காரர்களிடம் இதே வரிசையைப் பார்த்தார். பிறகு எட்டியென் வெங்கருடன் சேர்ந்து, 1991-ல் ஒரு கோட்பாடாகவே வகுத்தார்: ஒரு தொழில் கூட்டத்தில் புதிதாகச் சேர்கிறவர் விளிம்பில் நின்று, சின்னதானாலும் உண்மையான வேலையைச் செய்துதான் கற்கிறார் என்று. விளையாட்டு வேலை, மாதிரி வேலை செய்து அல்ல. இணையத்தில் கூடி வேலை செய்யும் இடங்களுக்கு இது அப்படியே பொருந்தும். முதல் நாளே புதுக் கட்டுரை எழுதுவது, முதல் நாளே கத்தரியைத் தூக்குவது.

'பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தால் தப்பில்லையா' என்ற கூச்சமும் வேண்டாம். இணையக் கூட்டங்களில் 100 பேரில் 90 பேர் படிப்பவர்கள், 9 பேர் எப்போதாவது கை வைப்பவர்கள், ஒருவர்தான் தொடர்ந்து செய்பவர் என்று இணையப் பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2006-ல் எழுதினார். குத்துமதிப்பான கணக்குதான், ஆனாலும் போக்கு அதுதான். பார்ப்பதும் படிப்புதான், எதைப் பார்ப்பது என்று தெரிந்தால்.

பார்க்க வேண்டியது வரலாறு. எந்தக் கட்டுரையின் தலையிலும் 'வரலாற்றைக் காட்டவும்' என்று ஓர் இணைப்பு இருக்கும். போனில் அது எளிதில் கண்ணில் படாது, பக்கத்தின் அடிக்குப் போய் கணினிப் பார்வைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு தலைப்பை எடுங்கள், பாலக்காடு மாவட்டமோ பரம்பிக்குளமோ. வரலாற்றுப் பக்கத்தில் ஒவ்வொரு மாற்றமும் ஒரு வரி: நாள், நேரம், யார், எத்தனை பைட்டு கூடியது அல்லது குறைந்தது, கடைசியில் ஒரு சிறு குறிப்பு. வரியின் தொடக்கத்தில் உள்ள 'முந்திய' என்பதை அழுத்தினால் பழையது இடப்பக்கம், புதியது வலப்பக்கம், மாறிய சொல் நிறம் கட்டித் தெரியும். பைட்டு எண்ணிக்கை சிவப்பில் பெரிதாகக் குறைந்திருக்கும் வரிகளை மட்டும் பொறுக்கித் திறந்து பாருங்கள். ஒருவர் எழுதியதை இன்னொருவர் எடுத்த இடங்கள் அவை. ஏன் எடுத்தார் என்பது குறிப்பில் இருக்கும், இல்லாவிட்டால் பேச்சுப் பக்கத்தில், அதாவது அந்தக் கட்டுரையைப் பற்றி விவாதிக்கும் பக்கத்தில் இருக்கும். இப்படி 20 நீக்கங்களைப் பார்த்தவருக்கு, எது நிற்கும் எது நிற்காது என்று எந்தக் கொள்கைப் பக்கத்தையும் படிக்காமலே பாதி பிடிபட்டுவிடும். (தமிழில் ஒரு பைட்டு ஓர் எழுத்து ஆகாது. 'க' ஒன்றே 3 பைட்டு, 'கி' 6. 300 பைட்டு போனால் ஒரு பெரிய வாக்கியம் போயிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

இனி காஜா. என் தேர்வு விக்கிமூலம். விக்கிப்பீடியாவின் உடன்பிறப்பு, பழைய நூல்களை எழுத்துக்கு எழுத்து தட்டச்சில் ஏற்றும் இடம். விக்கிப்பீடியாக் கணக்கே அங்கும் செல்லும். நாட்டுடைமையாக்கப்பட்ட தமிழ் நூல்கள் ஏராளமாக வருடி (ஸ்கேன் செய்து) போடப்பட்டிருக்கின்றன. ஆசிரியர் இறந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டு ஆன நூல்களும் இந்தியச் சட்டப்படி பொதுவுடைமை. 1964-ல் இறந்தவரின் நூல் 2025 சனவரி 1 முதல் யாரும் ஏற்றலாம்.

திறந்தால் ஒரு பக்கம் அச்சுப் பக்கத்தின் படம், மறுபக்கம் ஓ.சி.ஆர். (படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கும் மென்பொருள்) தந்த எழுத்து. இரண்டையும் ஒப்பிட்டுத் திருத்துவதுதான் வேலை. ஒரு பக்கத்துக்கு முதலில் 20 நிமிடம் ஆகும், பழகினால் 10. கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டியவை இவை:

துணைக்காலும் ரகரமும். 'காலம்' என்பது 'கரலம்' ஆகியிருக்கும். இதுதான் மிக அதிகம்.

ஔகாரம். 'கௌரவம்' என்பதை ஓ.சி.ஆர். 'கெளரவம்' என்று தரும். திரையில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே தெரியும்; கணினிக்கு முன்னது க, ௌ; பின்னது கெ, ள. தேடினால் ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காது. ஔவை, ஒளவை கதையும் இதுவே. கண்ணை நம்பாதீர்கள், அந்தச் சொல்லை அழித்துவிட்டு நீங்களே ஒருமுறை தட்டுங்கள்.

வரி முடிவு. பழைய தமிழ் அச்சில் சொல் பாதியில் உடைந்தாலும் பெரும்பாலும் இணைப்புக் கோடு போட மாட்டார்கள். 'தமி' என்று ஒரு வரி முடியும், 'ழகம்' என்று அடுத்தது தொடங்கும். இடைவெளி இல்லாமல் ஒட்ட வேண்டும். பத்திக்குள் வரிகளை ஒரே ஓட்டமாகச் சேர்த்துவிட்டு, பத்தி மாறும் இடத்தில் மட்டும் ஒரு வெற்று வரி விடுங்கள்.

பழைய எழுத்துரு. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய நூல்களில் லை, ணை, றா போன்றவை கொம்பும் சுழியுமாக வேறு வடிவில் இருக்கும். அவற்றை இன்றைய வடிவில் தட்டினால் போதும். ஆனால் சொல்லை மாற்றக் கூடாது. ஆசிரியர் 'கோவில்' என்று எழுதியிருந்தால் அது 'கோவில்'தான், 'கோயில்' ஆக்காதீர்கள். அச்சுப்பிழை என்று பளிச்சென்று தெரிந்தாலும் நீங்களாகத் திருத்தாதீர்கள். புதிதாக வரும் தமிழாசிரியர்கள் எல்லோரும் சறுக்கும் இடம் இது.

முடித்ததும் பெட்டிக்குக் கீழே நிறப்பொத்தான்கள் இருக்கும். சிவப்பு, இன்னும் மெய்ப்புப் பார்க்கவில்லை. மஞ்சள், ஒருவர் பார்த்தாயிற்று. பச்சை, இரண்டாமவரும் சரிபார்த்தாயிற்று. நீலம், ஏதோ சிக்கல், படம் மங்கல் அல்லது பக்கம் கிழிசல். நீங்கள் மஞ்சளாக்கிய பக்கத்தை நீங்களே பச்சையாக்க மென்பொருள் விடாது. நான் விக்கிமூலத்தைச் சொல்வதற்கே காரணம் அந்தப் பூட்டுதான். உங்கள் வேலையை இன்னொரு ஆள் எழுத்தெழுத்தாகப் பார்த்தே தீர வேண்டும். 10 பக்கம் மஞ்சளாக்கிவிட்டு, அவை பச்சையானதும் வரலாற்றைத் திறந்து 'முந்திய' அழுத்துங்கள். நீங்கள் தவறவிட்டது எல்லாம் நிறம் கட்டி நிற்கும். இதைவிட நல்ல விடைத்தாளை எந்த வகுப்பிலும் திருத்தித் தர மாட்டார்கள். சும்மா திட்டுகிறவரும் இங்கே இல்லை. 'ர' போட்ட இடத்தில் 'ா' போட்டால் சண்டை போட என்ன இருக்கிறது?

இரண்டு மூன்று வாரம் கழித்து விக்கிப்பீடியாவுக்குத் திரும்புங்கள். அப்போதும் சிறு வேலைதான், ஆனால் எல்லையோரத்து ஆளால்தான் செய்ய முடிகிற சிறு வேலை. உதாரணத்துக்கு, சித்தூர். உங்கள் தாலுகாத் தலைநகரைத் தமிழில் சித்தூர் என்கிறோம். ஆந்திரத்தின் மாவட்டத் தலைநகரும் சித்தூர். சென்னைக்காரர் ஒருவர் சித்தூர் என்று படித்தால் திருப்பதிப் பக்கம்தான் நினைப்பார். பாலக்காட்டுக் கட்டுரை ஒன்றில் 'சித்தூர்' என்று இரட்டைச் சதுர அடைப்புக்குள் இணைப்புக் கொடுத்தால், அது அந்த ஆந்திரச் சித்தூருக்குக் கொண்டுபோய் விடக்கூடும். பாலக்காடு மாவட்ட ஊர்க் கட்டுரைகளைத் திறந்து, சித்தூர் இணைப்பு ஒவ்வொன்றையும் அழுத்திப் பாருங்கள். தப்பான ஊருக்குப் போனால், அடைப்புக்குள் சரியான கட்டுரைத் தலைப்பு, ஒரு நிமிர்ந்த கோடு (|), பிறகு 'சித்தூர்' என்று மாற்றுங்கள். கோட்டுக்கு முன்னே இருப்பது போகும் இடம், பின்னே இருப்பது படிப்பவர் கண்ணுக்குத் தெரிவது. ஆந்திர எல்லையில் இருப்பவர்கள் இதையே அந்தப் பக்கத்திலிருந்து செய்யலாம். தலைப்பையே மாற்ற வேண்டும், சிற்றூர் என்றுதான் எழுத வேண்டும் என்று தோன்றினால் கை வைக்காதீர்கள். பேச்சுப் பக்கத்தில் கேளுங்கள். தலைப்பு மாற்றுவது வெட்டு வேலை.

மாற்றத்தைச் சேமிக்கும் முன் 'சுருக்கம்' பெட்டியில் நாலு சொல் எழுதுங்கள்: "சித்தூர் இணைப்பு ஆந்திரத்துக்குப் போனது, திருத்தம்". புதியவர்களின் திருத்தம் அநியாயமாக மீளமைக்கப்பட, அதாவது பழையபடி மாற்றப்பட, இந்தப் பெட்டியை வெறுமையாக விடுவதும் ஒரு காரணம். அண்மைய மாற்றங்களைக் கண்காணிப்பவர் ஒரு மணி நேரத்தில் நூறு வரிகளை ஓட்டிப் பார்க்கிறார். காரணம் எழுதாத புதுக் கணக்கு ஊர்ப் பெயரை மாற்றினால், அவர் விஷமம் என்றுதான் நினைப்பார்.

அடுத்த படி, ஏற்கெனவே உள்ள கட்டுரையில் ஒரு வாக்கியம் சேர்ப்பது. வாக்கியம் எப்படித் தேறுகிறது என்று உங்கள் ஊர்த் தண்ணீரை வைத்தே காட்டுகிறேன். முதலில் எழுதத் தோன்றுவது:

"தமிழ்நாடு தண்ணீர் விடாததால் சித்தூர் விவசாயிகள் கண்ணீர் வடிக்கின்றனர்."

இது பத்து நிமிடம் நிற்காது. யார் சொன்னது, எந்த ஆண்டு, எவ்வளவு தண்ணீர்? கண்ணீரை யார் அளந்தது? பொள்ளாச்சிக்காரர் இதையே தலைகீழாக எழுதுவார். இரண்டாம் வடிவம்:

"பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி கேரளத்துக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் கிடைக்க வேண்டும்."

பரவாயில்லை, சரிபார்க்க ஓர் எண் வந்துவிட்டது. ஆனால் எந்த இடத்தில் அளக்கும் 7.25? ஒப்பந்தம் எப்போதையது? மேற்கோள் எங்கே? மூன்றாவது:

"1970-ல் கையெழுத்தாகி 1958 முதல் முன்தேதியிட்டுச் செல்லுபடியான பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி, மணக்கடவு அணைக்கட்டில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் கேரளத்துக்குச் சேர வேண்டும்."

இதற்கு ஒப்பந்த வாசகத்தையோ, அதை எடுத்துச் சொல்லும் நூலையோ மேற்கோளாகக் கொடுத்தால் இரு பக்கத்தாரும் கை வைக்க மாட்டார்கள். அந்த அளவு வருகிறதா இல்லையா என்ற தகராறு அடுத்த வாக்கியத்துக்கு உரியது. அங்கே 'கேரள அரசு இப்படிச் சொன்னது', 'தமிழ்நாடு அரசு இப்படிச் சொன்னது' என்று இருவர் வாயிலும் வைத்து, இரண்டுக்கும் தனித்தனி மேற்கோள். நடுநிலை என்பது இரண்டு பேரையும் ஆளுக்குப் பாதி திட்டுவது என்று சிலர் நினைக்கிறார்கள். சொன்னவர் வாயில் சொல்லை வைப்பதுதான் அது. கொங்கன் படை விழாவுக்கும் இதே முறைதான். சித்தூர் பகவதி கோயிலில் கொங்குப் படை தோற்றதை நினைத்துக் கொண்டாடும் விழா. தோற்ற கொங்கு நாட்டிலிருந்தும் படிக்க ஆள் வருவார்கள். 'மரபுப்படி', 'என்று கோயில் வரலாறு கூறுகிறது' என்று எழுதினால் இரு தரப்புக்கும் பொறுக்கும். துஞ்சத்து எழுத்தச்சன் கடைசிக் காலத்தைச் சித்தூரில் கழித்தார் என்ற செய்தியும் அப்படியே, மரபு என்று சொல்லித்தான் எழுத வேண்டும்.

மேற்கோளுக்குச் செய்தித்தாள் இணைப்பைக் கொடுத்தால், அதை வேபேக் மெஷினில் (இணையப் பக்கங்களின் நகலைக் காத்து வைக்கும் தளம்) ஒரு படி சேமித்து அந்த முகவரியையும் கொடுங்கள். பத்திரிகைத் தளங்கள் இணைப்பை மாற்றிக்கொண்டே இருக்கும்; ஐந்து வருடத்தில் உங்கள் மேற்கோள் செத்துப்போகும், அதோடு வாக்கியமும் போகும்.

என்ன செய்தாலும் ஒரு நாள் மீளமைப்பு வரும். வந்தால், மறுபடி அதையே போடாதீர்கள். இரண்டாம் முறை போட்டால் அது தொகுப்புப் போர், உங்கள் பக்கம் நியாயம் இருந்தாலும் குற்றவாளி நீங்கள்தான். அவருடைய பேச்சுப் பக்கத்துக்குப் போங்கள். "ஏன் நீக்கினீர்கள்?" என்ற ஒற்றை வரிக்குப் பெரும்பாலும் பதில் வராது, அவரும் வேலை முடிந்து வந்து சம்பளமில்லாமல் உட்கார்ந்திருப்பவர், எந்தக் கட்டுரை, எந்த வரி என்று தேடிக்கொண்டிருக்க மாட்டார். இப்படி எழுதுங்கள்: "வணக்கம். கொங்கன் படை பற்றி நான் சேர்த்த இரண்டாம் வாக்கியத்தை இன்று நீக்கியிருக்கிறீர்கள். ஆதாரம் போதவில்லை என்று புரிந்துகொள்கிறேன். மலையாளத்தில் வந்த நூல் ஒன்று கையில் இருக்கிறது, பக்க எண்ணோடு தரலாமா?" கடைசியில் நான்கு அலைக்குறி (~~~~) தட்டினால் உங்கள் பெயரும் நேரமும் தானே விழும். 'ஆம்', 'இல்லை' என்று பதில் சொல்லக் கூடிய கேள்விக்குப் பதில் வரும். அப்படியும் வராவிட்டால் ஒத்தாசைப் பக்கத்தில் கேளுங்கள், பொதுவான விஷயமென்றால் ஆலமரத்தடி என்ற பொது விவாதப் பக்கத்தில். வாட்ஸப் குழுவில் போய் நியாயம் கேட்பது பயன்படாது. அங்கே பேசியது கட்டுரையோடு ஒட்டி நிற்காது, அடுத்து வருபவருக்குத் தெரியவும் தெரியாது.

மலையாளம் தெரிந்த கை உங்களுடையது, அதைப் பயன்படுத்துங்கள். மலையாள விக்கிப்பீடியாவில் உள்ள பாலக்காட்டுக் கட்டுரைகளை மொழிபெயர்க்கலாம். சுருக்கத்தில் மூலக் கட்டுரையின் இணைப்பைத் தர வேண்டும், உரிமம் அதைக் கேட்கிறது. இயந்திர மொழிபெயர்ப்பை அப்படியே ஒட்டுவதுதான் ஆபத்து. அதைவிட ஆபத்து, இரண்டு மொழியும் தெரியும் என்ற தைரியம். மலையாளத்தில் 'வெள்ளம்' தண்ணீர். தமிழில் பெருக்கெடுத்து வருவது. 'தோடு' அங்கே ஓடை, இங்கே காதில் போடுவது. 'அவகாசம்' அங்கே உரிமை, இங்கே கால நீட்டிப்பு. வயலுக்கு வெள்ளம் வந்தது என்று தமிழில் எழுதிவிட்டால் அறுவடைக் கட்டுரை பேரிடர்க் கட்டுரை ஆகிவிடும். பாலக்காட்டுத் தமிழ்ப் பேச்சில் இந்தச் சொற்கள் கலந்தே புழங்குவதால் எழுதும்போது நமக்கு உறைக்காது. ஒருமுறை உரக்கப் படித்துப் பார்த்தால் உறைக்கும்.

படங்கள் பற்றிச் சுருக்கமாக. நீங்கள் எடுத்ததை மட்டும் ஏற்றுங்கள். கட்டடம், பொது இடத்தில் நிலையாக வைத்த சிலை இரண்டையும் இந்தியச் சட்டப்படி படமெடுத்துப் போடலாம். சுவரோவியமும் பதாகையும் அந்த விலக்கில் வராது. வரைபடத்தில் ஆர்வமிருந்தால், யாரும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஊர்களுக்குத் தமிழ்ப் பெயர் சேர்க்கலாம்: பெயர்ப் பெட்டியின் பக்கத்தில் உள்ள கூட்டல் குறியை அழுத்தி, தமிழைத் தேர்ந்து, தனி வரியாக. முதன்மைப் பெயரில் ஏற்கெனவே இருப்பதை அழித்துவிட்டுத் தமிழைப் போட்டால் எல்லைச் சண்டைதான் மூளும். கூகுள் மேப்பைப் பார்த்துப் பெயரை நகலெடுக்கவே கூடாது. உரிமச் சிக்கல் என்று மொத்தத்தையும் அழித்துவிடுவார்கள்.

இப்போது நீக்கப்பட்ட உங்கள் கட்டுரைக்கு வருவோம். அதை நான் பார்க்கவில்லை. ஆனால் ஊர்க் கட்டுரைகள் போவதற்கு வழக்கமான காரணங்கள் நான்குதான்: ஒரு மேற்கோளும் இல்லை, பஞ்சாயத்துத் தளத்திலிருந்து வரிக்கு வரி நகல், 'எங்கள் அழகிய ஊர்' என்ற தொனி, ஊர்ப் பெரியவர்கள் பெயரும் கைபேசி எண்ணும். கேரளத்து ஊர் என்றால் ஐந்தாவது ஒன்றும் உண்டு. தமிழ்நாட்டில் பல ஊர்கள் கணக்கெடுப்பில் தனிக் கிராமமாக இருக்கும். கேரளத்தில் வருவாய்க் கிராமம் பெரிது, நீங்கள் ஊர் என்று சொல்வது அதற்குள் ஒரு வார்டாகவோ வார்டில் பாதியாகவோ இருக்கும். அந்தப் பெயரில் மக்கள்தொகைக் கணக்கைத் தேடினால் கிடைக்காது. எண் கிடைக்காததால் கட்டுரைக்கு எலும்பு இல்லாமல் போகிறது. 2011 கணக்கெடுப்பின் மாவட்டக் கையேட்டில் உங்கள் வருவாய்க் கிராமம் எது என்று முதலில் பாருங்கள். அந்தப் பெயரில் கட்டுரை இருந்தால், உங்கள் ஊரை அதில் ஒரு பத்தியாகச் சேருங்கள். இல்லையென்றால் கிராமத்தின் பெயரில் கட்டுரையைத் தொடங்கி, பள்ளி எந்த ஆண்டு தொடங்கியது, எந்தக் கால்வாய் பாய்கிறது, எந்தச் சாலை எதோடு சேர்கிறது என்று அச்சில் வந்த ஆதாரம் உள்ளவற்றை மட்டும் வையுங்கள். எழுதிப் பழகுவதற்கான மணல்தொட்டிப் பக்கத்தில் எழுதிப் பார்த்தால் அங்கே யாராவது அழித்துவிடுவார்கள், அது பொதுத் தொட்டி. உங்கள் பயனர் பக்கத்துக்குக் கீழே சொந்தமாக ஒரு வரைவுப் பக்கம் திறந்துகொள்ளுங்கள்.

எழுதியதன் நகல் கையில் இல்லையென்று கவலைப்பட வேண்டாம். நீக்கிய பக்கம் நிர்வாகிகளுக்குத் தெரியும். நகலெடுத்த பகுதியோ தனிநபர் கைபேசி எண்ணோ இல்லாவிட்டால், உங்கள் பயனர் வெளிக்கு மீட்டுத் தரச் சொல்லி நீக்கியவரின் பேச்சுப் பக்கத்திலேயே கேட்கலாம். கேட்கும்போது தலைப்பை நீங்கள் முதலில் கொடுத்த எழுத்துக்கூட்டலில் அப்படியே எழுதுங்கள், நீக்கல் பதிவில் அவர் அதை வைத்துத்தான் தேடுவார்.